பேசுபவரை விட கேட்பவருக்கு வேலை அதிகம்: ஒரு பேச்சு மன்றக் கூட்டம் எப்படி நடக்கிறது?

கல்லூரி விழா என்றால் மேடையில் மைக் பிடிப்பது யார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். முதல் வருஷத்தில் யார் பேசினார்களோ, அவர்களேதான் கடைசி வருஷமும் பேசுவார்கள். ஒரு டிபார்ட்மென்டில் 60 பேர் இருந்தால், மைக் 3 பேருக்குள்தான் சுற்றும். மீதி 57 பேர் நான்கு வருஷம் கை தட்டிவிட்டுப் போவோம். அப்புறம் ப்ளேஸ்மென்ட் சீசன் வரும். ஜிடியில் எட்டுப் பேர் நடுவே உட்காரவைத்து "ம், பேசுங்க" என்பார்கள். அப்போதுதான் தொண்டை வறண்டு போகும்.

"எனக்கு இங்கிலீஷ் வராது, அதான் பேசல" என்று தமிழ் மீடியத்தில் படித்த நண்பர்கள் சொல்வதை நிறைய கேட்டிருக்கிறேன். ஆனால் என்னைப் போல இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களிடம் மைக்கைக் கொடுத்து, "தமிழில் இரண்டு நிமிஷம் பேசு" என்றால், எங்களுக்கும் அதே தொண்டைதான், அதே வறட்சிதான். அப்படியானால் குறை மொழியில் மட்டும் இல்லை. பேசிப் பழக நமக்கு இடமே கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய குறை.

அந்த இடத்தை எப்படி உண்டாக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை. உலகம் முழுக்க நூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு முறை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்து, எங்கள் ராயகிரி மாதிரி ஒரு ஊரில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம்.

ஆரம்பித்தவர் ஒரு ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்

ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் அமெரிக்காவில் ப்ளூமிங்டன் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தார். அங்கே வரும் இளைஞர்களுக்கு ஒரு கூட்டத்தை நடத்தவோ, நாலு பேர் முன்னால் பேசவோ தெரியவில்லை என்பதைக் கவனித்தார். 1905-ல் அவர்களுக்காக ஒரு சின்ன மன்றம் ஆரம்பித்தார். பிறகு வேறு ஊர்களுக்குப் போன இடத்திலும் ஆரம்பித்தார். ஆனால் அவர் ஊர் மாறினால் மன்றமும் படுத்துவிடும். கடைசியில் 1924 அக்டோபர் 22 அன்று, கலிஃபோர்னியாவின் சான்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஆரம்பித்தது நிலைத்தது. அதுதான் இன்றைய டோஸ்ட்மாஸ்டர்ஸ். விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகப்படுத்தி நடத்திக் கொடுப்பவரை அந்த ஊரில் டோஸ்ட்மாஸ்டர் என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர்.

இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் இதன் மன்றங்கள் இருக்கின்றன. தமிழிலேயே கூட்டம் நடத்தும் மன்றங்களும் உண்டு. பெண்களை முறைப்படி உறுப்பினர்களாகச் சேர்த்தது 1973-ல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேச இடம் கிடைப்பது எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை.

ஸ்மெட்லியின் முறையில் ஒரு விஷயம் முக்கியம். அங்கே வாத்தியார் கிடையாது. பாடம் எடுப்பவரும் கிடையாது. உறுப்பினர்களே பேசுவார்கள், உறுப்பினர்களே ஒருவரை ஒருவர் மதிப்பிடுவார்கள். அது எப்படி வேலை செய்கிறது?

ஓப்பன் லூப், க்ளோஸ்டு லூப்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது எளிது. பழைய வாட்டர் ஹீட்டரில் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் சூடாகிக்கொண்டே இருக்கும். நாமே அணைக்காவிட்டால் கொதித்துப் போகும். அது ஓப்பன் லூப். தெர்மோஸ்டாட் வைத்தது வெப்பத்தை அளந்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அது க்ளோஸ்டு லூப். இரண்டுக்கும் ஹீட்டர் ஒன்றுதான். வித்தியாசம் சென்சாரில் இருக்கிறது.

நம் மேடைகள் பெரும்பாலும் ஓப்பன் லூப். ஒருவர் 25 நிமிஷம் பேசுவார். எல்லோரும் கை தட்டுவோம். பொன்னாடை போர்த்துவோம். நன்றாகப் பேசினாலும் அதே கைத்தட்டல், சொதப்பினாலும் அதே கைத்தட்டல். பேசியவருக்குத் தான் எங்கே நன்றாகச் செய்தோம், எங்கே ஆளை இழந்தோம் என்று தெரியவே தெரியாது. அடுத்த தடவையும் அப்படியேதான் பேசுவார்.

பேச்சு மன்றத்தில் கேட்கிற ஒவ்வொருவரும் ஒரு சென்சார். ஆளுக்கு ஒன்றை அளப்பார்கள். அதனால்தான் அந்தக் கூட்டம் கலகலப்பாக இருக்கிறது. சும்மா உட்கார்ந்து போனைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

யார் யாருக்கு என்ன வேலை?

ஒரு வழக்கமான கூட்டத்தில் மூன்று பகுதிகள். முதலில் தயாரித்து வந்த பேச்சுகள். அடுத்து உடனடிப் பேச்சுகள். கடைசியில் மதிப்பீடு.

*நடத்துநர்:* அன்றைய கூட்டம் இவர் கையில். பேச்சாளரை அறிமுகப்படுத்தி, கை குலுக்கி மேடையைக் கொடுப்பார். இடைவெளி விழாமல் ஓட்டுவது இவர் பொறுப்பு.

*நேரம் பார்ப்பவர்:* தயாரித்த பேச்சு பொதுவாக 5 முதல் 7 நிமிஷம். ஐந்தாவது நிமிஷத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு காட்டுவார். விளக்கு இல்லையென்றால் சார்ட் பேப்பர் அட்டை போதும். நம் விழாக்களில் "சுருக்கமாக முடித்துக்கொள்ளவும்" என்று துண்டுச் சீட்டு போகுமே, அந்தச் சங்கடமே இங்கே வராது. சீஃப் கெஸ்டாக இருந்தாலும் சிவப்பு சிவப்புதான்.

*'ம்...' எண்ணுபவர்:* யோசிக்கும்போது வாயிலிருந்து தானாக வரும் அடைசல் சொற்களை எண்ணுவார். இங்கிலீஷில் "அம்", "லைக்", "யூ நோ". தமிழில் நம்மிடம் இன்னும் பெரிய லிஸ்ட் உண்டு: "வந்து", "அதாவது", "என்னன்னா", "பார்த்தீங்கன்னா", இதோடு "ஆக்சுவலா", "பேசிக்கலா". முதல் தடவை "நீங்க 23 தடவை 'வந்து' சொன்னீங்க" என்று அறிக்கை படிக்கும்போது கூட்டமே சிரிக்கும், பேசியவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்தச் சொல் வாய்க்கு வரும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஒரு நொடி சும்மா நிற்பார். அந்த மௌனம் கேட்பவருக்குத் தெளிவாகத்தான் தெரியும்.

*மொழி கவனிப்பவர்:* அன்றைக்கு ஒரு புதுச் சொல் கொடுப்பார். எல்லோரும் அதைப் பேச்சில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். யார் நல்ல சொற்றொடர் சொன்னார், எங்கே வாக்கியம் உடைந்தது என்று குறித்துக்கொள்வார்.

*மதிப்பீட்டாளர்:* ஒரு பேச்சாளருக்கு ஒரு மதிப்பீட்டாளர். இவரைப் பற்றித் தனியாகப் பார்ப்போம்.

*பொது மதிப்பீட்டாளர்:* மொத்தக் கூட்டத்தையும் மதிப்பிடுவார். நேரம் பார்த்தவர் சரியாகப் பார்த்தாரா, மதிப்பீட்டாளர்கள் சரியாக மதிப்பிட்டார்களா என்றும் சொல்வார். சென்சாரையும் ஒருவர் காலிப்ரேட் செய்ய வேண்டும் இல்லையா?

உடனடிப் பேச்சு: கூட்டத்தின் ஹைலைட்

கூட்டம் சூடு பிடிப்பது இங்கேதான். ஒருவர் கேள்விகளோடு வருவார். கேள்வியை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பெயரைக் கூப்பிடுவார். அதனால் கேள்வி வந்த நொடியில் அறையில் உள்ள எல்லார் மூளையும் வேலை செய்யும். கூப்பிடப்பட்டவர் எழுந்து 1 முதல் 2 நிமிஷம் பேச வேண்டும்.

கேள்விகள் நம் மண்ணிலிருந்து வந்தால் பேச்சும் வரும். சில மாதிரிகள்:

- புளியங்குடி சந்தையில் எலுமிச்சை விலை ஒரே நாளில் பாதியாகிவிட்டது. நீங்கள் விவசாயி. இன்று வீட்டில் என்ன சொல்வீர்கள்?
- சீசன் முடிந்த குற்றாலத்தில் ஒரு கடைக்காரராக ஒரு நாள்.
- தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். உங்களை ஒரு நாள் கலெக்டராக உட்காரவைத்தால் முதல் கையெழுத்து எதற்கு?
- உங்க ஊருக்கு வரும் கடைசி பஸ் பேசினால் என்ன பேசும்?

பதில் தோன்றாதபோது என்ன செய்வது? எளிமையான ஒரு சட்டகம்: என் கருத்து இது, காரணம் இது, ஒரு உதாரணம் இது, அதனால் என் கருத்து இது. நாலு வரிதான். எலுமிச்சைக் கேள்விக்கு இப்படி ஓட்டலாம்: "இன்னிக்கு நான் காயைப் பறிக்க மாட்டேன். பறிகூலியும் வண்டி வாடகையும் போனா கையில ஒண்ணும் நிக்காது. வரத்து குறைஞ்சா விலை திரும்பும். ஆனா மரத்துல ரொம்ப நாள் காய் நிக்காது. அதனால ஊறுகாய் போடுறவங்களை இன்னிக்கே தேடிப் போவேன்." இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் விரித்தால் ஒரு நிமிஷம் தானாக வந்துவிடும்.

இன்டர்வியூவில் எதிர்பாராத கேள்வி வரும்போது தேவைப்படுவதும் இதே தசைதான். வாரம் ஒரு தடவை அதற்குப் பயிற்சி கொடுத்தவருக்கும், முதல் தடவையாக இன்டர்வியூ அறையில் கொடுப்பவருக்கும் வித்தியாசம் இருக்கும்தானே?

"சொல்லுதேன்" என்றால் தப்பா?

மொழி கவனிப்பவர் வேலையில் ஒரு எச்சரிக்கை. நம்ம பக்கத்தில் "சொல்லுதேன்", "பேசுதேன்", "நிக்கேன்" என்றுதான் சொல்வோம். சென்னை, கோவை நண்பர்கள் நடுவே இப்படிப் பேசினால் சிரிக்கிறார்கள். அதற்குப் பயந்தே பேசுவதை நிறுத்திக்கொண்ட ஆட்கள் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். முதல் வருஷம் வாய் ஓயாமல் பேசியவர் மூன்றாம் வருஷத்தில் "ம்", "ஆமா", "ஓகே" என்று மூன்று சொல்லில் வாழ்கிறார்.

வட்டார வழக்கைத் தப்பு என்று குறித்தால் மன்றத்தின் நோக்கமே போச்சு. கரிசல் பேச்சை அப்படியே எழுதிய கி. ராஜநாராயணன், 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்தவர். அவர் ஊரான இடைசெவல் கோவில்பட்டிப் பக்கம், நமக்குத் தூரமே இல்லை. ஆக, மொழி கவனிப்பவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சொன்னது புரிந்ததா? ஆரம்பித்த வாக்கியம் முடிந்ததா? "சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுச் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தால் அது முழு மார்க்.

மதிப்பீடு: இதுதான் கஷ்டமான வேலை

நம்மிடம் இரண்டு வகை மதிப்பீடுதான் பழக்கம். ஒன்று, "சூப்பர் மச்சி, கலக்கிட்ட." இன்னொன்று, "என்னடா இப்படி உளறிட்ட?" இரண்டாலும் பேசியவருக்கு உபயோகம் இல்லை. முதலாவதில் தகவல் இல்லை. இரண்டாவதில் தகவல் இருந்தாலும் அதற்கு முன்பே மனசு மூடிவிடும்.

மன்றத்தின் முறை இது: நன்றாக இருந்ததைச் சொல், மாற்ற வேண்டியதைச் சொல், மறுபடி நன்றாக இருந்ததைச் சொல்லி முடி. 2 முதல் 3 நிமிஷம். ஆனால் சும்மா இனிப்பு தடவுவது இல்லை. மூன்றிலும் குறிப்பான இடத்தைக் காட்ட வேண்டும்.

ஒரு தம்பி தன் அப்பாவின் தோட்டக் கிணறு பற்றிப் பேசினார் என்று வைத்துக்கொள்வோம். "நல்லா பேசினீங்க, ஆனா கொஞ்சம் கான்ஃபிடன்ஸ் வேணும்" என்றால் அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? கான்ஃபிடன்ஸ் கடையிலா விற்கிறது? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கிணத்துல வாளி விழுற சத்தத்தைச் சொன்னீங்களே, அந்த இடத்துல எல்லாரும் உங்களையே பார்த்தாங்க. அதுக்கு அப்புறம் மோட்டார் கதைக்கு வந்தப்போ தாளைப் பார்த்துப் படிச்சீங்க, அங்க எங்களை விட்டுட்டீங்க. அடுத்த தடவை அந்தப் பகுதிக்குத் தாள் இல்லாம வாங்க. அது உங்க சொந்தக் கதை, மறக்காது. கடைசி வரியை மெதுவா சொன்னது ரொம்ப சரியா இருந்துச்சு."

இதைச் சொல்ல வேண்டுமென்றால் மதிப்பீட்டாளர் ஒரு நொடி விடாமல் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் தலைப்பில் அப்படிச் சொன்னேன். பேசுபவருக்கு 7 நிமிஷ வேலை. அவருக்காக நேரத்தை, சொல்லை, மொழியை, மொத்தப் பேச்சை என்று நாலு பேர் தனித்தனியாக வேலை செய்கிறார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பத்துப் பேரின் பேச்சை இப்படிக் கவனித்துக் கேட்டவருக்குத் தன் பேச்சை வெளியிலிருந்து பார்க்கும் கண் வந்துவிடும்.

நமக்கு இது புதுசா?

டோஸ்ட்மாஸ்டர்ஸ் வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம். கூடிப் பேசுவதும் கூர்ந்து கேட்பதும் இந்தப் பக்கத்துக்குப் பழசு.

1908-ல் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ.உ.சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் பொதுக்கூட்டங்களில் தமிழில் பேசினார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். வழக்கின் மையமே அந்தப் பேச்சுகள்தான். அமர்வு நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்த இரட்டை ஆயுள் தண்டனையில் ஒன்று அரசுக்கு எதிராகப் பேசியதற்கு. இன்னொன்று சிவாவுக்குத் துணை நின்றதற்கு. பிறகு மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பேசியதற்கு ஒரு ஆயுள், இன்னொருவர் பேச இடம் கொடுத்ததற்கு ஒரு ஆயுள். பேச்சாளருக்குப் பக்கத்தில் நிற்பவரும் எவ்வளவு முக்கியம் என்பது அன்றைய அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் வட்டமாக அமைந்த தொட்டிக்கட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். அந்த இடத்தின் பெயரே அந்தக் கூட்டத்தின் பெயரானது. பிறகு அவர் குற்றாலத்தில் குடியேறியதும் ராஜாஜி, கல்கி என்று பலரும் அங்கே தேடி வந்தார்கள். கம்பனின் ஒரே பாட்டை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் நிறுத்தினால் உணர்ச்சி எப்படி மாறுகிறது என்று காட்டுவாராம் டி.கே.சி. அது பேச்சுப் பயிற்சி மன்றம் இல்லை, இலக்கியம் ரசிக்கும் கூட்டம். ஆனாலும் நாம் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது: அங்கே மேடை இல்லை. வட்டமாக உட்கார்ந்தால் முதல் பெஞ்சும் இல்லை, கடைசி பெஞ்சும் இல்லை. எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும்.

பட்டிமன்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நல்ல நடுவர் இரண்டு அணியின் பேச்சையும் முழுக்கக் கேட்டு, யார் சொன்ன எந்த வாதம் நின்றது, எது விழுந்தது என்று எடுத்துச் சொல்லித்தான் தீர்ப்புக்கு வருவார். அவர் நம் ஊர் மதிப்பீட்டாளர். ஒரே வித்தியாசம், பட்டிமன்றத்தில் கேட்டுச் சொல்லும் வேலை நடுவர் ஒருவருக்குத்தான். மன்றத்தில் அது எல்லோருக்கும்.

ராயகிரியில் ஒரு ஞாயிறு: 12 பேர், 75 நிமிஷம்

ராயகிரி சிவகிரி தாலுகாவில் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பேரூராட்சி. ஏசி ஹால், போடியம் எல்லாம் தேட வேண்டியதில்லை. லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள், ப்ளஸ் டூ முடித்தவர்கள் என்று 12 பேர் கிடைத்தால் போதும். ஒரு மொட்டை மாடி, ஒரு மரத்தடி, ஒரு ஸ்டாப் வாட்ச் உள்ள போன். வட்டமாக உட்காருங்கள்.

ஆட்கள்: நடத்துநர் 1, நேரம் 1, 'ம்...' எண்ண 1, மொழி 1, உடனடிப் பேச்சு நடத்த 1, பொது மதிப்பீடு 1, பேச்சாளர்கள் 3, மதிப்பீட்டாளர்கள் 3. மொத்தம் 12. வேலை இல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை.

நேரம்:

- தொடக்கம், யார் எந்த வேலை என்று அறிமுகம்: 5 நிமிஷம்
- மூன்று தயாரித்த பேச்சுகள்: 24 நிமிஷம்
- உடனடிப் பேச்சு, ஐந்து பேர்: 15 நிமிஷம்
- மூன்று மதிப்பீடுகள்: 10 நிமிஷம்
- நேரம், 'ம்...', மொழி அறிக்கைகள்: 8 நிமிஷம்
- பொது மதிப்பீடு: 5 நிமிஷம்
- தாமதத்துக்கும் டீக்கும்: 8 நிமிஷம்

முதல் பேச்சுக்குத் தலைப்பு தேட வேண்டாம். டோஸ்ட்மாஸ்டர்ஸில் முதல் பேச்சு எப்போதும் தன்னைப் பற்றியதுதான். 4 முதல் 6 நிமிஷம். "டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்" என்று எந்த இன்டர்வியூவிலும் முதலில் கேட்கிற அதே கேள்வி. முதலில் தமிழில் பேசுங்கள். சொல்ல வேண்டியது எது, விட வேண்டியது எது என்று அதில் தெளிவாகிவிடும். இரண்டாம் மாதம் அதையே இங்கிலீஷில் பேசுங்கள். அப்போது தேட வேண்டியது சொற்களை மட்டும்தான், விஷயம் ஏற்கெனவே கையில் இருக்கும்.

மூன்று விதிகளை மட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒன்று, வேலைகள் ஒவ்வொரு வாரமும் சுற்ற வேண்டும். நன்றாகப் பேசுகிறவரே வாராவாரம் பேசினால் மறுபடி அந்த 3 பேர் கதைதான். பெண் பிள்ளைகளுக்கு வரவேற்புரை, பையன்களுக்குச் சிறப்புரை என்ற வழக்கமும் இதில் தானாக உடையும். இரண்டு, சிவப்பு காட்டினால் முடிக்க வேண்டும், அண்ணாச்சியாக இருந்தாலும். மூன்று, வழக்கை, சாதியை, ஊரை, உருவத்தைச் சொல்லி யாரும் யாரையும் கிண்டல் பண்ணக் கூடாது. 'வந்து' எத்தனை தடவை வந்தது என்பதற்கு மட்டும் சிரிக்கலாம்.

முதல் இரண்டு கூட்டம் திக்கும். ஒருவர் எழுந்து நாற்பது நொடியில் உட்கார்ந்துவிடுவார். நேரம் பார்ப்பவர் அதையும் எழுதிவைக்கட்டும். அடுத்த வாரம் அவர் ஒரு நிமிஷம் நின்றால், அதுதான் அன்றைய கூட்டத்தின் பெரிய செய்தி. அதைச் சொல்ல ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதே அவரை மூன்றாவது வாரமும் வரவைக்கும்.

இந்த செமஸ்டர் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்துப் பாருங்கள். பேசத் தயங்கும் நண்பர் யாராவது இருந்தால், முதல் நாள் அவர் கையில் மைக்கைத் திணிக்காதீர்கள். ஸ்டாப் வாட்சைக் கொடுங்கள். கூட்டத்தின் முடிவில் நேர அறிக்கை படிக்க அவர் எழுந்துதானே ஆக வேண்டும்!